தடா ரோடு படத்துக்கு ஓர் அலறல்

புத்தூர்
6-1-1999

அன்புள்ள மங்கைக்கு,

அண்ணன் சம்பத் எழுதுவது. இங்கே எல்லோரும் சௌக்கியம். அங்கே நீ, மாப்பிள்ளை, உன் மாமியார் எல்லோரும் சௌக்கியம்தானே. விசாரித்தாகிவிட்டது, இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு உன்னுடைய அலறல் வேண்டும்.

சிரிக்காதே. போன மே மாதம் நாம் எடுத்த ‘தடா ரோடு’ படம் இன்னும் முடியவில்லை. கல்யாண வீடியோ எடுக்கிற காமிராவில் பேய்ப் படம் எடுத்தவன் என்று புத்தூர் பஸ் ஸ்டாண்டே என்னைக் கேலி செய்கிறது. செய்யட்டும். படம் வெளியே வந்த பிறகு வந்து கை கொடுப்பார்கள். காட்சிகளை ஒட்டுகிற வேலை திருப்பதியில் நடக்கிறது. படம் பிடிக்கும்போது காமிராவில் பதிந்த பேச்செல்லாம் காற்றும் காக்காயுமாக இருக்கிறது என்பதால், நடித்தவர்கள் மறுபடி வந்து மைக்கில் பேசிவிட்டுப் போனார்கள். யஸ்வந்த் பேசினான், கல்பனா பேசினாள். கதாநாயகி நீதான் இல்லை. ஷூட்டிங் முடிந்த கையோடு சத்தியவேட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள், ஆவணியில் தாலி கட்டினார்கள், ரேணிகுண்டாவில் பம்பாய் ரயில் ஏற்றிவிட்டார்கள். என் படத்தைப் பற்றி யாராவது யோசித்தார்களா?

உன் வசனத்தைக் கல்பனாவே குரலை மாற்றிப் பேசிவிட்டாள். அலறல்தான் அவளுக்கு வரவில்லை. ஓடுகிற பஸ்ஸை நிறுத்தச் சொல்லுகிற மாதிரி கத்துகிறாள். திருப்பதியில் நாடகத்தில் நடிக்கிற ஓர் அம்மாவைக் கூட்டிவந்தேன். அவர் ஒப்பாரியே வைத்துவிட்டார்.

கதை உனக்கு மறந்திருக்காது. காலேஜில் படிக்கிற நாலு பேர் டிராக்ஸ் வண்டியில் நாராயணவனத்திலிருந்து தடாவுக்குப் போகிறார்கள். வழியில் முச்சந்தியில் யாரோ பேய் விரட்டி எலுமிச்சம்பழமும் சோறுமாகக் கழித்துப் போட்ட கழிப்பை ஒருத்தி தாண்டிவிடுகிறாள். அதிலிருந்து ஒரு கல் லாரி பின்னாலேயே வருகிறது. லாரியில் டிரைவர் இல்லை. இதை எடுப்பதற்கு நம் சின்னசாமி பட்ட பாடு! வேதாச்சலம் மாமாவின் லாரியில் சீட்டைக் கழற்றிவிட்டுத் தரையில் உட்கார்ந்து, கறுப்புப் போர்வை போர்த்திக்கொண்டு, தகரத்தில் போட்ட ஓட்டை வழியாகப் பார்த்து ஓட்டினார். லைட்டுக்கு வழியில்லாமல் பட்டப்பகலில் லென்ஸுக்கு நீலக் காகிதம் ஒட்டி ராத்திரி ஆக்கினோம். அந்த ராத்திரியில் ஒரு கிழவி ரோட்டோரம் வேர்க்கடலை காயவைத்துக்கொண்டிருக்கிறாள், இப்போதுதான் கவனித்தேன். அவளை வெட்டி எடுப்பதற்குள் எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அலறல் மூன்று வேண்டும். லாரியை முதலில் பார்க்கும்போது ஒன்று, சின்னது. கதவு திறக்காதபோது ஒன்று. கடைசியில், ரோட்டில் தனியாக நின்று லாரி உன் மேல் வரும்போது ஒன்று. அதுதான் படமே. மாப்பிள்ளையிடம் டேப் ரெக்கார்டர் இருக்கிறதல்லவா, அதில் பதிந்து கேசட்டை அனுப்பு.

அம்மாவுக்குப் படத்தின் பெயரைச் சொன்னாலே ஆகவில்லை. வயசுப் பெண்ணை நடுரோட்டில் ஓடவிட்டவன் என்று இன்னும் திட்டுகிறாள். நைனா வழக்கம்போலப் பேசுவதில்லை.

உன் அண்ணன்,
சம்பத்


டோம்பிவிலி
19-1-1999

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை அத்தைதான் தபால்காரரிடம் வாங்கினார். பிரித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் கொடுத்தார். அவர் தெலுங்கு மீடியத்தில் படித்தவர், தமிழ் எழுத்து தெரியாது. நல்லதாகப் போயிற்று. இனி நாம் எழுதிக்கொள்வதெல்லாம் தமிழிலேயே இருக்கட்டும். போன் மட்டும் செய்துவிடாதே. கீழ் வீட்டு போனில் நான் பேசினால் கட்டிடம் மொத்தமும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்கிறது.

அலறலாம், அலறல். நீ என்ன நினைத்துக்கொண்டு எழுதினாய்? இங்கே கத்துவதற்கு இடமே கிடையாது, அண்ணா. ஒரு ரூம், ஒரு சமையலறை. அடுத்த வீட்டுக்காரர் தும்மினால் எனக்குக் கேட்கிறது. நான் வளையலைக் கழற்றி வைத்தால் அவருக்குக் கேட்கும். உனக்காக முயற்சி செய்யாமல் இல்லை. அத்தை குளிக்கப் போன நேரம், குக்கர் விசில் அடிக்கும்போது கத்தினேன். அவர் ஈரத்தோடு ஓடிவந்து, “இன்னாடி, சூடு பட்டுக்கினியா?” என்றார். பல்லி என்று சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீட்டில் பல்லி வேட்டை நடக்கிறது. கிடைக்கவில்லை, இருந்தால்தானே.

மொட்டைமாடிக்குப் போனேன். சங்கராந்திக்குப் பட்டம் விடுகிற பிள்ளைகள் அங்கே கூட்டமாக நின்றிருந்தார்கள். தலையணையில் முகத்தைப் புதைத்துக் கத்தினேன். கேட்டுப் பார்த்தால் கன்றுக்குட்டி கத்துகிற மாதிரி இருக்கிறது.

ஓர் இடம் இருக்கிறது. அத்தையோடு தானேவுக்கு லோக்கல் ரயிலில் போவேன். ஃபாஸ்ட் வண்டியாக இருந்தால் பார்சிக் என்கிற மலைச் சுரங்கத்துக்குள் போகும். இருட்டு வந்ததும் வாசலில் தொங்கிக்கொண்டு வருகிற பையன்கள் எல்லோரும் ஓவென்று கத்துவார்கள். தினமும் கத்துவார்களாம். யாரும் ஏன் என்று கேட்பதில்லை. போன வாரம் நானும் வாயைத் திறந்தேன். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார், மூடிக்கொண்டேன். எனக்கு என்னமோ அந்தப் பையன்கள் மேல் பொறாமையாக இருந்தது.

இப்போது தானேவுக்கும் விடுவதில்லை. படி ஏறாதே, பக்கெட் தூக்காதே என்று ஒரே கெடுபிடி. ஒரு விஷயம் இருக்கிறது. இப்போது எழுதக் கூடாது என்று உத்தரவு. மாசி பிறக்கட்டும், எழுதுகிறேன். அம்மாவுக்கு நானே எழுத வேண்டும், நீ முந்திக்கொள்ளாதே.

ஒன்று கேட்க மறந்தேன். நான் தாண்டினேனே அந்தக் கழிப்பு, அது நீ வைத்ததா, நிஜமாகவே யாரோ கழித்துப் போட்டதா? கால் நின்றுவிட்டது எனக்கு. “தாண்டுடி” என்று நீ காமிராவுக்குப் பின்னாலிருந்து கத்தினதால்தான் தாண்டினேன். அன்றைக்கே கேட்க நினைத்தேன், நீ யாரோடும் பேசாமல் முறைத்துக்கொண்டே திரிந்தாய்.

தங்கை,
மங்கை


புத்தூர்
2-2-1999

மங்கைக்கு,

கேசட் வரும் என்று பார்த்தால் கதை வருகிறது. பல்லி, பட்டம், கன்றுக்குட்டி! இங்கே நான் கல்யாண மண்டபத்துக்குச் சொல்லிவைத்துவிட்டேன். சுவரில் படம் காட்டுகிற மெஷின் திருப்பதியிலிருந்து வருகிறது. ஜன்னலுக்கெல்லாம் தார்ப்பாய் கட்டி மதியக் காட்சி. நகரியிலிருந்தும் விஜயபுரத்திலிருந்தும் கேபிள் டிவிக்காரர்கள் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடித்தால் படம் ஊர் ஊராக ஓடும். பிடிக்காவிட்டால் நான் சாகும்வரை பூப்புனித நீராட்டு விழா எடுக்க வேண்டியதுதான்.

உன் அலறல் இல்லாமல் கடைசிக் காட்சியைக் காக்களூர் பையன்கள் சிலருக்குப் போட்டுக் காட்டினேன். லாரி வரும்போது விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். கல்பனாவின் கத்தலுக்குத்தான் சிரிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். உன் முகம் நன்றாக இருக்கிறது. அந்த முகத்துக்குப் பக்கத்தில் அந்தச் சத்தம் நிற்கவில்லை. ராத்திரி படுத்தால் அதுதான் ஓடிக்கொண்டிருக்கிறது, தூக்கம் வரவில்லை. எனக்கும் இருபத்தாறு வயதாகிறது. கூடப் படித்தவர்கள் சென்னை, பெங்களூர், குவைத் என்று போய்விட்டார்கள். நான் மட்டும் ரோட்டோரம் லாரிக்கு விபூதி பூசிக்கொண்டிருக்கிறேன் என்று நைனா யாரிடமோ சொன்னாராம்.

கழிப்பைப் பற்றி இப்போது என்ன கேள்வி? பேயிடம் போய் விலாசம் கேட்கிற மாதிரி. படம் பார்க்கும்போது தெரிந்துகொள்.

பெரிய விஷயம் என்று ஏதோ எழுதியிருக்கிறாயே, மாப்பிள்ளை கலர் டிவி வாங்குகிறாரா? வாங்கட்டும். சுரங்கத்துக்குப் போ, கத்து, அனுப்பு.

அண்ணன்


டோம்பிவிலி
23-2-1999

அண்ணா,

மாசி பிறந்தது. எழுத இருந்த விஷயம் இப்போது இல்லை. எனக்குக் குழந்தை உண்டாகியிருந்தது. போய்விட்டது. மூன்று மாதம் நிறைவதற்குள் போய்விட்டது.

தானேவில் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். அவர் கம்பெனியிலிருந்து ஓடிவந்து இளநீர் வாங்கிக் கொடுத்துவிட்டு, கட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. நல்லவர்தான். என்ன பேசுவது என்று அவருக்குத் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. இப்போது காலையில் போனால் நான் தூங்கின பிறகுதான் வருகிறார். தூங்குகிற மாதிரி நானும் படுத்துக்கொள்கிறேன்.

அத்தை கெட்டவர் இல்லை. பத்தியம் பார்த்துச் சமைத்துப் போடுகிறார். ஆனால் சோறு வைக்கும்போதெல்லாம் ஒன்று சொல்லுகிறார். அன்றைக்குப் பக்கெட் தூக்கினாயே என்கிறார். மறுநாள், மொட்டைமாடிக்கு ஓடினாயே என்கிறார். பல்லியைப் பார்த்து அலறினாயே, அதில் அதிர்ந்திருக்கும் என்றும் சொன்னார். உன் படத்துக்குத்தான் கத்தினேன் என்று நான் அவரிடம் எப்படிச் சொல்லுவேன்?

நேற்று அவரே ஒன்று கேட்டார். “பேய்ப் படம் நடிச்சேன்னியே, அங்க எங்கனா இன்னாத்தயாவது மிதிச்சிக்கினு வந்தியா?” முச்சந்தியில் ஒரு கழிப்பைத் தாண்டினேன் என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. பக்கத்தில் வந்து உட்கார்ந்து என் தலையைத் தடவினார். தெரியாமல் தாண்டினவள் மேல் தப்பு இல்லை, எவனோ கழித்துப் போட்டது உன்னைப் பிடித்துக்கொண்டது, ஊருக்குப் போய் நாராயணவனத்தில் நிவர்த்தி செய்துவிட்டு ஒரு மாதம் அம்மா வீட்டில் இருந்துவிட்டு வா என்றார். தன் பிள்ளையிடமும் சொல்லி டிக்கெட் போடச் சொன்னார். இத்தனை நாளில் நேற்றுத்தான் நான் வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

அதனால் கேட்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுது. அந்தக் கழிப்பு யாருடையது? தெரியாமல் டிக்கெட் போட மாட்டேன், எனக்கு அது உறுத்திக்கொண்டே இருக்கும். நீ எழுதுகிற வரைக்கும் அலறல் கிடையாது.

அம்மாவுக்கு இது எதுவும் தெரியக் கூடாது. ரேணிகுண்டாவில் என்னை ரயிலேற்றும்போது அவள் அழவே இல்லை, பார்த்தாயா? பெருமையாக நின்றாள். அவள் ஒருத்தியாவது நான் நன்றாக இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கட்டும். நேரில் வந்தால் நானே சொல்லிக்கொள்கிறேன். சத்தியம் செய்.

மங்கை


புத்தூர்
3-3-1999

என் தங்கைக்கு,

எழுதி எழுதிக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன். கலர் டிவி என்று எழுதின கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. அம்மாவிடம் சொல்ல மாட்டேன், சத்தியம்.

நீ கேட்டதற்குப் பதில். பயப்படாதே, மங்கை. அந்தக் கழிப்பு நான் வைத்தது. எலுமிச்சம்பழம் புத்தூர் மார்க்கெட்டில் நானே வாங்கினேன். மஞ்சள் சோறு கல்பனா வீட்டில் வடித்தது. அந்த மாவு பொம்மை அவள் சப்பாத்தி மாவில் பிடித்தது. குங்குமம் அம்மாவின் டப்பாவிலிருந்து எடுத்தேன், அவளுக்கு இன்னும் தெரியாது. உன்னிடம் சொன்னால் பயம் முகத்தில் வராது என்று சொல்லவில்லை. அன்றைக்கு முழுக்க உன்னோடு பேசாமல் திரிந்ததும் அதற்குத்தான், அந்தப் பயம் மாலைக் காட்சிவரைக்கும் இருக்கட்டும் என்று. நீ வண்டிக்குப் போன பிறகு கழிப்பில் வைத்த தேங்காயை நானும் யஸ்வந்தும் சின்னசாமியும் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்து வெல்லத்தோடு தின்றோம். எங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பிறகு சொல்ல மறந்துபோனேன். உன் கல்யாண வேலை வந்துவிட்டது. எனக்கு அது ஒரு விஷயமாகவே படவில்லை.

ஆகவே எந்தக் கழிப்பும் உன்னைப் பிடிக்கவில்லை. டாக்டர் சொன்னதைக் கேள். இப்படி நிறையப் பேருக்கு நடக்கிறது, யார் மேலும் தப்பு இல்லை, அடுத்தது நன்றாக இருக்கும் என்று நம் ஆஸ்பத்திரி நர்சம்மாவும் சொன்னார், உன் பெயரைச் சொல்லாமல்தான் கேட்டேன். மனதை நிம்மதியாக வைத்துக்கொள். ஊருக்கு வருவதானால் சும்மாவே வா, அதற்குக் கழிப்பு எதற்கு?

அலறலைப் பற்றி இனி எழுதாதே. எனக்கு வேண்டாம். கல்பனாவின் கத்தலே இருக்கட்டும், சிரித்தால் சிரிக்கட்டும்.

சம்பத்


டோம்பிவிலி
17-3-1999

அண்ணா,

நிம்மதியாக இரு என்று எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்கு வந்தது கோபம். இவ்வளவு கோபம் எனக்கு எப்போதும் வந்ததில்லை.

நீ பொய் சொல்லியிருக்கலாமே. யாரோ வைத்தது, எனக்குத் தெரியாது என்று ஒரு வரி எழுதியிருந்தால் நான் இந்நேரம் புத்தூரில் அம்மா பக்கத்தில் படுத்திருப்பேன். நானாவது அத்தையிடம் பொய் சொல்லியிருக்கலாம். என்ன எழுதியிருக்கிறான் என்று கேட்டார். எனக்கும் பொய் வரவில்லை. அண்ணன் வைத்ததாம், சப்பாத்தி மாவாம் என்று சொல்லிவிட்டேன்.  “அப்ப பக்கெட்டுதான்” என்றார் அத்தை. டிக்கெட் பேச்சு அதோடு நின்றுவிட்டது. நிவர்த்தி எதற்கு, ஒன்றும் இல்லாததற்கு?

சும்மாவே வா என்கிறாய். பெண்களுக்கு ‘சும்மா’ என்று ரயில் கிடையாது, அண்ணா. கல்யாணம், சீமந்தம், சாவு, நேர்த்திக்கடன், இவற்றுக்குத்தான் டிக்கெட் போடுவார்கள். கழிப்பு ஒன்று கிடைத்தது. அதையும் நீ தேங்காயோடு தின்றுவிட்டாய்.

யார் மேலும் தப்பு இல்லை என்கிறாய். யார் மேலும் இல்லை என்றால் இந்த வீட்டில் அது என் மேல்தான் வந்து உட்காரும். எவனோ முகம் தெரியாதவன் மேல் அது இருந்த அந்த இரண்டு வாரம் நான் தலை சீவினேன், பூ வைத்தேன். ஒருநாள் ராத்திரி விழித்திருந்து அவரோடுகூடப் பேசினேன். அது உண்மையாக இருக்க வேண்டும் என்று நான் சாமியைக் கும்பிட்டேன். பேய் உண்மையாக இருக்க வேண்டும் என்று யாராவது கும்பிடுவார்களா? நான் கும்பிட்டேன்.

நேற்று டாக்டரிடம் காட்ட தானேவுக்கு அனுப்பினார்கள். அத்தைக்கு முழங்கால் வலி, தனியாகத்தான் போனேன். டேப் ரெக்கார்டரைப் பைக்குள் போட்டுக்கொண்டேன். உனக்காக என்று நினைத்துத்தான் போட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். திரும்பும்போது ஃபாஸ்ட் வண்டி. லேடீஸ் பெட்டியில் வாசல் பக்கம் நின்றேன். சுரங்கம் வருவதற்கு முன்னாலேயே பட்டனை அமுக்கிவிட்டேன். இருட்டு வந்தது. அடுத்த பெட்டியில் பையன்கள் ஓவென்று ஆரம்பித்தார்கள். நானும் ஆரம்பித்தேன்.

உன் லாரியை நினைத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். லாரி வரவில்லை. நான் எதையும் நினைக்கவில்லை. சுரங்கம் முடிந்து வெளிச்சம் வந்துவிட்டது, பையன்கள் நிறுத்திவிட்டார்கள், எனக்கு நிற்கவில்லை. பெட்டியில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மீன் கூடை வைத்திருந்த ஓர் அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் பேசினது ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. டோம்பிவிலியில் என்னோடு இறங்கி ஸ்டேஷன் வாசல் வரைக்கும் கையை விடாமல் வந்தார். என் புடவையெல்லாம் மீன் வாசம். வீட்டுக்கு வந்து அதைத் துவைக்க மனம் வரவில்லை.

கேசட்டை இதோடு அனுப்புகிறேன். போட்டுப் பார்க்கவில்லை. ரயில் சத்தமும் இருக்கும், அது உன் லாரிக்கு ஒத்துவரும். வேண்டாம் என்று நீ எழுதியது தெரியும். இப்போது எனக்கு வேண்டும். இந்த வீட்டில் வைத்துக்கொள்ள அதற்கு இடம் இல்லை. நம் ஊரில் ஒரு தடவையாவது அது சத்தமாகக் கேட்கட்டும், யாருடையது என்று ஒருவருக்கும் தெரிய வேண்டாம். ஒன்றே ஒன்று, அதை வெட்டாதே.

மங்கை


புத்தூர்
6-4-1999

மங்கை,

கேசட்டைத் திருப்பதியில் காதில் மாட்டிக்கொண்டு ஒரு தடவை கேட்டேன். இரண்டாவது தடவை என்னால் முடியவில்லை. எடிட்டிங் செய்கிற பையன் கேட்டுவிட்டு, “சார், இது எந்த ஆர்ட்டிஸ்டு?” என்றான். எழுந்து வெளியே போய்விட்டேன்.

நீ வெட்டாதே என்றாய், நான் வெட்டவில்லை. ஆனால் உன் சத்தம் என் காட்சியைவிட நீளமாக இருந்தது. லாரி உன் மேல் வந்து, தாண்டிப் போய், படமே முடிந்துவிடுகிறது. சத்தம் முடியவில்லை. காட்டுவதற்கு என்னிடம் வேறு எதுவும் இல்லை. சத்தியவேடு ரோட்டில் ஒருநாள் காமிராவை அணைக்க மறந்து பிடித்த வெறும் ரோடு கொஞ்சம் இருந்தது, அதைப் போட்டேன். லாரி கிடையாது, நீ கிடையாது, ரோடு மட்டும். அதன் மேல் உன் சத்தம் முடிகிறவரைக்கும் போகிறது. இது சினிமாவா என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் மண்டபத்தில் காட்டினேன். நல்ல கூட்டம். நைனாவைத் தவிர எல்லோரும் வந்தார்கள். அம்மா வரமாட்டேன் என்று சொல்லிவிட்டிருந்தாள். ஆனால் கூட்டத்துக்கு மோர் கலக்க ஆள் போதவில்லை என்று சமையல் கட்டுப் பக்கம் வந்திருக்கிறாள், எனக்குத் தெரியாது. முதல் பாதி முழுக்கச் சிரிப்பு. லாரியைப் பார்த்ததும் விசில். போர்வைக்குள்ளிருந்து சின்னசாமியின் முழங்கை தெரிகிறதாம், அதைக் காட்டிக் காட்டிச் சிரித்தார்கள். அவரும் சேர்ந்து சிரித்தார். எனக்கு எழுந்து எங்கேயாவது ஓடிவிடலாம் என்று இருந்தது.

உன் அலறல் வந்தது. ஆரம்பத்தில் சில பேர் சிரித்தார்கள். அப்புறம் ஒருத்தரும் சிரிக்கவில்லை. வெறும் ரோடு வந்தபோது எழுந்து போகக் கிளம்பியவர்கள்கூட மறுபடி உட்கார்ந்துவிட்டார்கள். கேபிள்காரர்கள் எங்கே இருந்தார்கள், என்ன செய்தார்கள் என்று நான் பார்க்கவில்லை. சமையல் கட்டு வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள். கையில் மோர் சொம்பு. படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்து தார்ப்பாயைக் கழற்றினதும் நேராக என்னிடம் வந்தாள். “எம் பொண்ணு எங்கடா கீறா?” என்றாள். டோம்பிவிலியில் என்றேன். “அது நடிப்பு இல்ல” என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை, மங்கை. உன்னிடம் செய்த சத்தியம். நடிப்புத்தான் என்றும் சொல்ல முடியவில்லை, வேறு எதையும் சொல்லவும் முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். அவள் மோர் சொம்பைக் கீழே வைத்தாள்.

“நீ ஒண்ணும் சொல்ல வேணாம். பம்பாய் ரயிலு எப்ப?”

அதற்குப் பிறகு வீட்டில் அவள் யாரிடமும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. அவளுக்கு எவ்வளவு புரிந்தது என்று எனக்குத் தெரியாது. எல்லாம் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் மூட்டையில் பத்தியத்துக்குப் பூண்டும் சுக்கும் பெருங்காயமும் கட்டுகிறாள். நைனா எதற்கு இப்போது பிரயாணம் என்றார். “எதுக்கும் இல்ல, சும்மாதான்” என்றாள். அதைக் கேட்டதும் நான் மாட்டுக்கொட்டகைப் பக்கம் போய் அழுதேன். நீ எழுதியிருந்தாயே சும்மா ரயில் கிடையாது என்று, அதை நான் அவளிடம் சொல்லவே இல்லை.

ரேணிகுண்டாவுக்கு அப்பால் அவள் ஊரே பார்த்ததில்லை. மாப்பிள்ளையின் கம்பெனிக்கு போன் போட்டேன். கல்யாண் ஸ்டேஷனுக்கு வந்து கூட்டிப்போகிறேன் என்றார். உன்னிடம் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். சரி என்றவர் போனை வைக்கவில்லை. கொஞ்சம் பொறுத்து, “வரச் சொல்லுங்க, சம்பத். என்னால ஒண்ணும் செய்ய முடியல” என்றார்.  மனிதர் மேல் எனக்கு இருந்த வருத்தம் அதோடு போய்விட்டது.

கேபிள்காரர்கள் நேற்று ஆள் அனுப்பினார்கள். படத்தை எல்லா ஊரிலும் போடுகிறார்களாம், கடைசி அலறலுக்காகவே போடுகிறார்களாம். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். உன்னைக் கேட்காமல் தர மாட்டேன். வேண்டாம் என்றால் பெட்டியில் கிடக்கட்டும், எனக்கு வருத்தமில்லை என்று எழுத ஆசை, ஆனால் வருத்தம் இருக்கும். அதையும் மீறித்தான் சொல்கிறேன், நீ சொன்னபடிதான்.

இந்தக் கடிதத்தைத் தபாலில் போடவில்லை. அம்மாவின் பையில் பூண்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது, என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள். அவள் பங்குக்கு ஏதாவது எழுத வேண்டுமா என்று கேட்டேன். வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தாள். “நான் வந்துட்டேன், இனிமே அடக்கிக்க வேணாம்னு எழுது” என்றாள். எழுதிவிட்டேன்.

நீ இதைப் படிக்கிறாய் என்றால் அவள் உன் எதிரில் நின்றுகொண்டிருக்கிறாள். காகிதத்தைக் கீழே வை.

சம்பத்